வரிசைக்கும் விலையா?

முக்கடல் கூடும் குமரி முனையில், படகுத்துறையின் வாயிலில், இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று நீண்டு, நெளிந்து, வெயிலில் வெந்து, கைக்குழந்தையைத் தோளுக்குத் தோள் மாற்றிச் சுமந்தபடி மணிக்கணக்கில் நிற்கும் வரிசை. மற்றொன்றை வரிசை என்று சொல்வதே மிகை. வருகிறார்கள், சீட்டைக் காட்டுகிறார்கள், போகிறார்கள். முதலாவதற்குப் பெயர் சாதாரணக் கட்டணம். இரண்டாவதற்குப் பெயர் சிறப்புக் கட்டணம். 2024இல் முதலாவதன் விலை 75 ரூபாய். இரண்டாவதன் விலை 300 ரூபாய்.

சரி, நான்கு மடங்கு விலை கொடுக்கிறாரே, அவருக்கு நான்கு மடங்கு என்ன கிடைக்கிறது? வேறு படகா? இல்லை, அதே படகு! வேறு கடலா? இல்லை, அதே கடல்! அவர் ஏறும்போது அலை அடங்குகிறதா? காற்று கைகட்டி நிற்கிறதா? அவருக்கென்று விவேகானந்தர் பாறை அருகே நகர்ந்து வருகிறதா? வள்ளுவர் சிலை 133 அடியிலிருந்து இன்னும் ஓர் அடி உயர்ந்து காட்சி தருகிறதா? ஒன்றும் இல்லை. பாறையில் இறங்கியதும் 75 ரூபாய்க்காரரும் 300 ரூபாய்க்காரரும் ஒரே தரையில்தான் நடக்கிறார்கள். ஒரே உப்புக்காற்றைத்தான் உறிஞ்சுகிறார்கள்.

அப்படியானால் அந்த 225 ரூபாய்க்கு விற்கப்பட்ட பொருள் எது?

தோழர்களே! நாம் கேட்கும் கேள்வி அதுதான். விடையையும் நாமே சொல்லிவிடுகிறோம். விற்கப்பட்டது படகல்ல, பயணமல்ல, பக்கத்தில் நிற்பவரின் நேரம்!

இது மேடைக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு படகில் 150 பேர் ஏறலாம், கால் மணிக்கு ஒரு படகு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 600 பேர் நிற்கிறார்கள். சிறப்பு வரிசை என்று ஒன்று இல்லாவிட்டால், கடைசியில் நிற்பவர் நான்காவது படகில் ஏறிவிடுவார். ஆனால், ஒவ்வொரு படகிலும் 50 இடம் சிறப்புச் சீட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்கினால், மிஞ்சுவது 100 இடம். கடைசி மனிதர் ஏறுவது ஆறாவது படகில். அவருக்கு அரை மணி நேரம் போயிற்று! அவருக்குப் பின்னால் வந்த 300 பேர் அவரை முந்தியோ அவரோடு சேர்ந்தோ போய்விட்டார்கள்.

அந்த அரை மணி யாருடையது? வரிசையில் நின்ற பாட்டாளியுடையது. அதை வாங்கியவர் யார்? வசதி படைத்தவர். விற்றவர் யார்? நிர்வாகத்தார். விற்ற பணத்தில், பொருளுக்கு உரியவருக்குப் பங்கு உண்டா? காலணா இல்லை! ஒருவருடைய தோட்டத்துத் தேங்காயை இன்னொருவர் பறித்து மூன்றாமவருக்கு விற்றால் அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. ஒருவருடைய நேரத்தை இன்னொருவர் எடுத்து மூன்றாமவருக்கு விற்றால் மட்டும் அதற்குச் 'சிறப்புக் கட்டணம்' என்று பெயர்!

இந்த வித்தை குமரிக் கரையில் பிறந்ததல்ல. கேளிக்கைப் பூங்கா என்னும் பெருந்தொழில் உலகெங்கும் பயின்று, பழகி, பதம் பார்த்து வைத்திருக்கும் வித்தை இது. அந்தத் தொழிலின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் நம் படகுத்துறைக் கணக்கும் புரியும். ஆகவே, சிறிது சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் போடுகிறார்கள். மைதானத்துக்குள் நுழையக் காசில்லை. ஏறுகிற ராட்டினத்துக்குக் காசு. குடைராட்டினம் பிடித்தால் அதற்குக் கொடு. பிடிக்காவிட்டால் வேடிக்கை பார்த்துவிட்டுப் பொரிகடலை வாங்கித் தின்றுவிட்டுப் போ. கையில் பத்து ரூபாய் இருப்பவனும் உள்ளே வரலாம்; ஆயிரம் இருப்பவனும் வரலாம். இது ஒரு முறை.

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவில், 1955 ஜூலை 17 அன்று வால்ட் டிஸ்னி ஒரு பூங்காவைத் திறந்தார். டிஸ்னிலாந்து என்று பெயர். அங்கே அவர் செய்தது, மைதானத்தைச் சுற்றி வேலி போட்டது! வேலிக்குள் நுழையப் பெரியவர்களுக்கு ஒரு டாலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக்காசு. பிறகு சீட்டுகளைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். சாதாரண விளையாட்டுக்கு 'ஏ' சீட்டு, அதைவிடச் சிறந்ததற்கு 'பி' சீட்டு என்று படிப்படியாக வளர்ந்து, 1959இல் 'இ' சீட்டு வரை போனது. வாயிலிலும் வாங்கு, வண்டியிலும் வாங்கு! எங்கே எவ்வளவு வாங்கினால் இலாபம் மிகுதி என்பது பொருளாதாரப் பேராசிரியர்களுக்கே பெரும் புதிராக இருந்தது. வால்ட்டர் ஓய் என்ற அறிஞர் 1971இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றைக்கும் பொருளாதார மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். 1982இல் சீட்டுப் புத்தகம் ஒழிந்தது. ஒரே விலை கொடுத்து உள்ளே போனால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்றாயிற்று.

ஒரே விலை என்றதும் சமத்துவம் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். முதலாளித்துவம் ஒரு வாசலை மூடினால் இரண்டு வாசலைத் திறக்கும். எல்லாரும் எல்லாவற்றிலும் ஏறலாம் என்றதும் வரிசை நீண்டது. வரிசை நீண்டதும் அதைச் சுருக்க 1999இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு போ, அந்த நேரத்துக்கு வந்து விரைவாக ஏறு என்றார்கள். அன்று அது இலவசம். 2021இல் அந்த இலவசம் போயிற்று. அதே வசதிக்கு விலை வந்தது. 2016இல் நாளுக்கொரு விலை வந்தது: கூட்டம் குறைந்த நாளில் ஒரு விலை, விடுமுறை நாளில் வேறு விலை. வேலி வைத்து விற்றார்கள், விளையாட்டை விற்றார்கள், நாளை விற்றார்கள், கடைசியில் வரிசையையும் விற்றார்கள்!

அந்தக் காற்று தமிழ்நாட்டிலும் வீசாமலில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்காக்கள், மேட்டுப்பாளையத்தில் நீர்ப்பூங்கா, நம் குமரியிலேயே கடலோரத்தில் ஒரு பூங்கா என்று ஏற்கெனவே பல உண்டு. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா நிறுவனத்தின் பெரும் பூங்கா திறக்கப்பட்டது. ஆளுக்குக் கட்டணம், வரி உட்பட, ஏறத்தாழ 1,500 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. தொழில் வளரட்டும், பல நூறு பேருக்கு வேலை கிடைக்கட்டும், அதை நாம் வரவேற்கிறோம். ஆனால், ஒரு சிறு கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர். நான்கு பேருக்கு வாயில் கட்டணம் மட்டும் 6,000 ரூபாய். பேருந்துக் காசு தனி, சோறு தனி. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்தக் கூலி வாங்கும் தாய் ஒருத்தி ஒரு காசும் செலவழிக்காமல் 18 நாள் மண் சுமந்தால், தன் குடும்பத்தை ஒருநாள் சிரிக்க வைக்கலாம்! அந்த 6,000 ரூபாயில் சரக்கு-சேவை வரி எவ்வளவு தெரியுமா? 2017 ஜூலையில் கேளிக்கைப் பூங்காவுக்கு 28 விழுக்காடு வரி போட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 2018 ஜனவரியில் 18 விழுக்காடு ஆக்கினார்கள். அந்த 18 விழுக்காட்டின்படி ஏறத்தாழ 915 ரூபாய் வரி. அதாவது, அந்தத் தாயின் 18 நாள் உழைப்பில் இரண்டரை நாளுக்கு மேற்பட்ட உழைப்பு வரிக்கே போகிறது. குழந்தையின் சிரிப்புக்கும் வரி!

"ஏழைக்கு எதற்கையா கேளிக்கை? கஞ்சிக்கு வழி பார்க்கட்டும்" என்று பேசும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். எட்டு மணி நேர வேலை என்று உலகத் தொழிலாளி குரல் கொடுத்தபோது, அவன் கேட்டது எட்டு மணி வேலையை மட்டுமல்ல. எட்டு மணி உறக்கத்தையும், தன் விருப்பப்படி செலவிட எட்டு மணி ஓய்வையும் சேர்த்தே கேட்டான். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியது வயிற்றுக்கு மட்டுமல்ல, வாழ்வுக்கு! ஓய்வும் உரிமைதான், சிரிப்பும் உரிமைதான், தன் பிள்ளையைக் கடல் காட்டி மகிழ்விப்பதும் உரிமைதான்.

அந்த ஓய்வு நாளையே குறிவைத்து விலை உயர்த்துவதுதான் இந்தத் தொழிலின் இரண்டாவது வித்தை. வாரநாளில் வந்தால் விலை குறைவு. சனி, ஞாயிறு, பண்டிகை நாளில் வந்தால் விலை கூடுதல். கேட்டால், "கூட்டத்தைப் பிரித்து அனுப்புகிறோம், விரும்பினால் மலிவான நாளில் வாருங்களேன்" என்பார்கள். விரும்பினால்! புதன்கிழமை காலையில் விருப்பம்போல் புறப்பட யாரால் முடியும்? முதலாளியால் முடியும், முதலாளியின் மகனால் முடியும். கீரிப்பாறையில் விடியுமுன் எழுந்து ரப்பர்ப்பால் வெட்டும் தோழரால் முடியுமா? முந்திரி ஆலையில் நாளெல்லாம் கை கறுக்கப் பருப்பு உடைக்கும் தங்கையால் முடியுமா? தோவாளையில் இரவு பகல் பாராமல் பூ கட்டும் குடும்பத்தால் முடியுமா? அவர்களுக்கு விடுமுறை என்பது தேர்ந்தெடுக்கும் நாள் அல்ல, கிடைக்கும் நாள். கிடைக்கும் அந்த ஒருநாளைப் பார்த்து, "இன்றுதான் விலை அதிகம்" என்று பலகை மாட்டுகிறார்கள்.

மூன்றாவது வித்தை ஆண்டுச் சீட்டு. இது இனிப்புத் தடவியது. ஆகவே கவனமாகப் பார்க்க வேண்டும். "ஒருமுறை பணம் கட்டுங்கள், ஆண்டு முழுவதும் வாருங்கள்" என்கிறார்கள். சில நாள் கட்டணத்தில் ஓராண்டு உரிமை! கேட்கக் காது இனிக்கிறது. இதில் நிறுவனத்துக்கு என்ன இலாபம்? ஆண்டுத் தொடக்கத்திலேயே மொத்தப் பணமும் கல்லாவில் விழுந்துவிடுகிறது. மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் அந்தப் பணம் திரும்பாது. வாங்கியவரில் பலர் நினைத்த அளவு வருவதில்லை. வருகிறவரோ தனியே வருவதில்லை. உறவினரை அழைத்து வருகிறார். அவருக்கு முழுச் சீட்டு. உள்ளே வந்தவருக்குப் பசிக்கிறது. சாப்பாட்டுக் கடையும் நிறுவனத்தாருடையதே.

எல்லாவற்றுக்கும் மேலே, சிறிய எழுத்தில் ஒரு விதி இருக்கும்: குறிப்பிட்ட நாட்களில் இந்தச் சீட்டு செல்லாது. அந்தக் குறிப்பிட்ட நாட்கள் எவை? பள்ளி விடுமுறை, பண்டிகை, ஆண்டுக் கடைசி! விலை குறைந்த சீட்டுக்குத் தடை நாட்கள் மிகுதி. விலை கூடிய சீட்டுக்குத் தடை நாட்கள் குறைவு. கொடுக்கும் காசுக்குத் தக்கபடி நாட்காட்டியில் இருந்தே நாட்களைக் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

ஆண்டுச் சீட்டு என்ற எண்ணமே தீயது என்று நாம் சொல்லவில்லை. பாட்டாளிக்குப் பழக்கமான ஆண்டுச் சீட்டு ஒன்று உண்டு. அது ரயில்வே சீசன் டிக்கெட். நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் தோழர்களைக் கேளுங்கள். அதன் அருமையைச் சொல்வார்கள். மூன்று மாதச் சீட்டுக்கு மாதச் சீட்டைப்போல் 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. அங்கே, அடிக்கடி வருகிறவர், அருகில் வாழ்கிறவர், உழைக்கப் போகிறவர் ஆகியோருக்குச் சுமையைக் குறைப்பதற்காக விலை குறைகிறது. தீபாவளியன்று செல்லாது, பொங்கலன்று செல்லாது என்று அந்தச் சீட்டு சொல்வதில்லை. ஒரே கருவி. ஒருவர் கையில் அது சலுகை. இன்னொருவர் கையில் அது தூண்டில். ஆகவே, சீட்டின் பெயரைப் பார்க்காதீர்கள். அது யாருக்காக அச்சிடப்பட்டது என்று பாருங்கள்!

இப்போது குமரிக்குத் திரும்புவோம்.

தனியார் பூங்கா இலாபத்துக்காக நடக்கிறது. இலாபத்துக்காக விலை வைக்கிறது. அதைக் கண்டிக்கலாம், கட்டுப்படுத்தலாம், வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், குமரியில் படகு விடுவது யார்? பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு நிறுவனம். 'குகன்', 'பொதிகை', 'விவேகானந்தா' என்று படகுகளுக்குப் பெயர். குகன்! பயன் கருதாமல் ஓடம் விட்டதாகக் கதை சொல்லும் வேட்டுவன் பெயர்! அந்தப் பெயர் எழுதிய படகின் வாயிலில், பணம் படைத்தவருக்கு ஒரு பாதை, பஞ்சைக்கு ஒரு பாதையா?

படகு போய்ச் சேருவது எங்கே? வள்ளுவர் அடியில்! கணபதி ஸ்தபதியார் கைத்திறனில் எழுந்து, 2000 ஜனவரி 1 அன்று கலைஞர் திறந்துவைத்த சிலை அது. அதன் வெள்ளிவிழாவை ஒட்டி, 37 கோடி ரூபாய்ச் செலவில், 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பர் 30 அன்று கழகத் தலைவர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். கடல் மட்டம் தாழும்போதெல்லாம் படகு வள்ளுவர் பாறையை நெருங்க முடியாமல், வந்தவர்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பினார்களே, அந்த ஏமாற்றத்தைப் போக்கிய பாலம் அது. பாறைக்கும் பாறைக்கும் இடையே இருந்த பிரிவை நீக்கினோம், பெருமைப்படுகிறோம். கரையில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே கம்பி கட்டிய பிரிவை எப்போது நீக்குவது? நம்மவர் கட்டிய பாலம் என்பதற்காக, நம் அரசின் நிறுவனம் என்பதற்காக நாம் வாய்மூடி இருந்தால், ஊரார் வாய் திறப்பார்கள். குறையைச் சொல்வது குலைப்பதற்கல்ல, திருத்துவதற்கு.

இந்த நாஞ்சில் மண்ணுக்கு வாசலின் வரலாறு நன்றாகத் தெரியும். சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் மக்கள் போராட வேண்டியிருந்தது, டாக்டர் எம்.இ.நாயுடு போன்றோர் அதில் முன்நின்றனர். 1936 நவம்பர் 12 அன்றுதான் திருவிதாங்கூரில் கோவில் கதவு எல்லாருக்கும் திறக்கும் என்ற பிரகடனம் வந்தது. தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் கிளர்ந்தெழுந்து, 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் 1 அன்று இணைந்த மாவட்டம் இது. பிறப்பைக் கேட்ட வாசல்களைப் பெயர்த்தெறிந்த மண்ணில், பணப்பையைக் கேட்கும் வாசலை நட்டு வைக்கலாமா? தீண்டாமையும் சீட்டு விலையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை; அந்தக் கொடுமைக்கு ஈடில்லை. ஆனால், வாசலில் நின்று மனிதரை இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது ஒன்றுதான். சாதி கேட்ட இடத்தில் காசு வந்து உட்கார்ந்திருக்கிறது. கடவுளைக் காணவே சிறப்புச் சீட்டு, விரைவுச் சீட்டு என்று பழக்கிவிட்ட நாட்டில், கடலைக் காணவும் அதே வழக்கம் வந்துவிட்டது!

"நிர்வாகம் நடத்தப் பணம் வேண்டாமா? டீசல் என்ன விலை? பழுது பார்க்க எவ்வளவு? ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படகு ஊழியரின் வயிற்றில் அடித்துச் சலுகை கேட்பவர்கள் அல்ல நாம். பணம் வேண்டுமா? விற்கத்தக்கதை விற்கட்டும்! 'தாமிரபரணி', 'திருவள்ளுவர்' என்று வசதியான படகுகள் இருக்கின்றன. வட்டக்கோட்டை வரை கடலுலா அழைத்துப் போக அவை பயன்பட்டன. குளிர்சாதன இருக்கைக்கு ஒரு விலை, கூடுதல் தூரத்துக்கு ஒரு விலை என்று வையுங்கள். வசதி உள்ளவர் வாங்கட்டும். அங்கே உண்மையிலேயே ஒரு பொருள் கைமாறுகிறது. அதனால் எவருக்கும் எதுவும் குறைவதில்லை. மெத்தை இருக்கையை விற்பது வணிகம். முன்னால் நிற்பவரின் முறையை விற்பது முறைகேடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடலளவு!

"முதியவர்கள் எப்படி ஐயா நெடுநேரம் நிற்பார்கள்? அவர்களுக்காகத்தான் சிறப்பு வழி" என்றும் சொல்லலாம். முதுமை பணக்காரருக்கு மட்டும்தான் வருகிறதா? வலிக்கும் முழங்கால் வருமானச் சான்றிதழைப் பார்த்தா வலிக்கிறது? முதியவருக்கும், மாற்றுத்திறனாளிக்கும், கருவுற்ற பெண்ணுக்கும், கைக்குழந்தை ஏந்திய தாய்க்கும் முன்னுரிமை கொடுங்கள்; காசு வாங்காமல் கொடுங்கள்! மற்றவருக்கு நிழல் கொடுங்கள், அமரப் பலகை கொடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். 'இந்த நேரத்துப் படகு உமக்கு' என்று சீட்டிலேயே நேரம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், வரிசையில் வாடுவதற்குப் பதில் மக்கள் கடற்கரையில் உலாவுவார்கள். கடைவீதியில் பொருள் வாங்குவார்கள். ஊர்ச் சிறுவணிகனும் பிழைப்பான்.

விலை என்பது வெறும் எண் அல்ல, தோழர்களே. விலை என்பது கொள்கை. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அண்ணா சொன்னபோது அது அரிசிக் கடைக்காரரின் கணக்கல்ல, ஆட்சியின் இலக்கு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று கழக ஆட்சி அறிவித்தபோது, அது நடத்துநரின் பையில் விழுந்த ஓட்டை அல்ல. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்ணுக்குத் திறந்த கதவு. திரைப்படக் கொட்டகைக்கு எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று உச்சவரம்பு கட்ட அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தரை டிக்கெட் வாங்கியவரும் சோபா டிக்கெட் வாங்கியவரும் ஒரே நேரத்தில்தான் படம் பார்த்தார்கள். சினிமாக் கொட்டகையில் செல்லுபடியான நீதி, அரசுப் படகுத்துறையில் செல்லாதா?

ஆகவே, நாம் கேட்பது இவற்றைத்தான்.

குமரிப் படகுத்துறையில் வரிசையை விற்கும் சிறப்புக் கட்டணம் ஒழிய வேண்டும். உடனே ஒழிக்க இயலாதென்றால், கூட்டம் மிகுந்த ஞாயிறு, பண்டிகை, கோடை விடுமுறை நாட்களிலாவது அதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு படகிலும் எத்தனை இடம் சிறப்புச் சீட்டுக்குப் போகிறது என்பதை அதுவரை பலகையில் எழுதி வைக்க வேண்டும். தன் நேரம் எவ்வளவு விற்கப்படுகிறது என்று நிற்பவர் தெரிந்துகொள்ளட்டும்!

குமரி மாவட்ட மக்களுக்கென்று ஓர் ஆண்டுச் சீட்டு வேண்டும். மூன்று முறை போய்வரும் கட்டணம் கட்டினால் ஆண்டு முழுவதும் போய்வரலாம். எந்த நாளும் தடை நாள் அல்ல என்ற விதியோடு வேண்டும். இது இயலாததா? முதலாளித்துவத்தின் தலைநகரமாம் அந்த டிஸ்னிலாந்திலேகூட, விலை மிகக் குறைந்த ஆண்டுச் சீட்டைத் தென்கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள்; சொந்த ஊர்க்காரன் தயவு வேண்டும் என்று வணிகனுக்கே தெரிந்திருக்கிறது. மக்கள் அரசின் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாமா? சின்னமுட்டத்து மீனவனுக்கும், கோவளத்துக் கட்டுமரக்காரனுக்கும் அந்தக் கடல் அவன் வீட்டு முற்றம். முற்றத்தில் நிற்கும் வள்ளுவரை, மகனை அழைத்துப்போய்க் காட்ட, அவன் கூலியை எண்ணிப் பார்த்துத் தயங்கும் நிலை இருக்கலாகாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியரோடு வந்தால் படகுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. குறள் படிக்கும் பிள்ளை குறள் தந்தவர் சிலையடியில் ஒருமுறையாவது நிற்கட்டும்.

தனியார் பூங்காக்களுக்கு வரிச்சலுகை, சாலை, மின்சாரம், தண்ணீர் என்று அரசு கை கொடுக்கும் இடங்களில், அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை இருக்க வேண்டும்: மாதத்தில் ஒரு ஞாயிறு தொழிலாளர் நாள், அன்று குறைந்த கட்டணம், அன்று விரைவு வரிசை விற்பனை இல்லை. வாரநாளில் சலுகை என்று ஏய்க்காமல், தொழிலாளியின் விடுமுறை நாளிலேயே கொடுக்க வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் மன்றத்தில் இதை எழுப்பட்டும். கழகத் தோழர்கள், நம் ஆட்சியாயினும் வேறு ஆட்சியாயினும், இதைக் கேட்பதில் பின்வாங்கலாகாது. ஏனெனில், சின்னக் கோரிக்கை இது என்று தோன்றும். உண்மையில் சின்னது அல்ல. மருத்துவமனை வாசலில், பள்ளிக்கூட வாசலில், தண்ணீர்க் குழாய் அடியில் நாளை விரைவு வரிசை விற்கப்படுமானால், அதற்கு ஒத்திகை இன்று கேளிக்கை வாசலில்தான் நடக்கிறது. விளையாட்டிலே பழகிவிட்டால் வாழ்க்கையிலே வலிக்காது என்பது அவர்கள் கணக்கு.

வள்ளுவர் சிலையின் உயரத்தை எல்லாரும் சொல்கிறார்கள். அதன் அமைப்பை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பீடம் 38 அடி. அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது. அதன் மேல் சிலை 95 அடி. அது பொருளையும் இன்பத்தையும் குறிப்பது. பொருளும் வேண்டும், இன்பமும் வேண்டும். ஆனால் இரண்டும் நிற்பது அறத்தின் மீது! கட்டணம் என்பது பொருள். கேளிக்கை என்பது இன்பம். இரண்டையும் வைத்துக்கொண்டு, அடியிலுள்ள 38 அடியை மட்டும் உருவிவிட்டால் மேலே நிற்பது எத்தனை நாள் நிற்கும்?

வரிசை அனைவருக்கும் ஒன்றாகட்டும்!